145 மெகாஹெர்ட்ஸில் எஃப்எம் பாட்டு: எந்த ஃபில்டர் போடலாம்?

சென்னை, மூன்றாவது மாடி. உபுண்டு 22.04 லேப்டாப், ஆர்820டி2 ட்யூனர் உள்ள ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (லேப்டாப்பை ரேடியோவாக்கும் யூஎஸ்பி ரிசீவர்), கேட்பதற்கு ஜிக்யூஆர்எக்ஸ் மென்பொருள். எஃப்எம் 101.4 கணீரென்று வருகிறது. ஆனால் இரண்டு வாரமாக 144–146 மெகாஹெர்ட்ஸ் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) பேண்டில், சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டரின் குரலை அமுக்கிக்கொண்டு கரகரவென்று சினிமாப் பாட்டு!

டிரைவரில் கோளாறு இல்லை. டாங்கிளை டிவி ட்யூனராகப் பிடித்துக்கொள்ளும் கர்னல் மாட்யூலை பிளாக்லிஸ்ட் செய்து தடுத்தாயிற்று. ஆர்டிஎல்-டெஸ்ட்டில் சாம்பிள் எதுவும் விடுபடவில்லை. 49 செ.மீ. கால் அலை ஆன்டெனாவை ஜன்னலுக்கு வெளியே வைத்துப் பார்த்தேன். யூஎஸ்பி கேபிளில் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் மாட்டியும் மாற்றமில்லை. கெயினை (சிக்னல் பெருக்கத்தை) 49.6 டெசிபெலிலிருந்து 28-க்கு இறக்கினால் பாட்டு ஓய்கிறது, கூடவே ரிப்பீட்டரும் காணாமல் போகிறது. பலமான எஃப்எம் சிக்னலால் ட்யூனர் ஓவர்லோடு ஆகிறது என்பதுதான் என் கணிப்பு.

டாங்கிளுக்கு முன்னால் 88–108 மெகாஹெர்ட்ஸ் எஃப்எம்மை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர் போட்டால் போதுமா, 144–146-ஐ மட்டும் உள்ளே விடும் பேண்ட்பாஸ் ஃபில்டர்தான் வாங்க வேண்டுமா?