நம்ம வீடு குரூப்: ‘டைம் குடுங்க’ன்னு எழுதாதீங்க

சித்தப்பா: “வெள்ளிக்கிழமைக்குள்ள 50 ஆயிரமும் வட்டியும் வரலேன்னா வக்கீல் மூலமா பாத்துக்கறேன். கேஸ் போட்டு உள்ள தள்ளிடுவேன். புரோநோட்டு என் கையில இருக்கு.”

சித்தப்பா: கடன் குடுத்தவர்கிட்ட இருந்து இப்பத்தான் வந்துச்சு. என்ன பண்ண

அத்தை: அந்த ஆளா

அத்தை: முழுசும் குடுத்தாச்சுன்னு சொன்னியேடா

அண்ணன்: குடுத்தாச்சு அத்தை. 2 லட்சத்துல ஒன்றரை பேங்க்ல போயிடுச்சு. கடைசி 50 நான்தான் கையில கொண்டு போய்க் குடுத்தேன்

பெரியப்பா: ரசீது?

அண்ணன்: ரசீது இல்ல. புரோநோட்டை அப்புறம் தேடித் தரேன்னார்

பெரியப்பா: அன்னைக்கே சொன்னேன்

அண்ணன்: அப்பா, இப்ப வேண்டாம்

நான்: சித்தப்பா, பதில் ஏதாவது போட்டீங்களா?

சித்தப்பா: “கொஞ்சம் டைம் குடுங்க சார், ஏற்பாடு பண்றேன்”னு போட்டேன். பதட்டத்துல

பெரியப்பா: டேய்

சித்தப்பா: டெலிட் பண்ணிட்டேன் அண்ணே

நான்: ப்ளூ டிக் வந்துச்சா?

சித்தப்பா: வந்துச்சு

பெரியப்பா: இனி யாரும் ஒரு எழுத்தைக்கூட அழிக்காதீங்க. அவன் மிரட்டினதும் அதே போன்லதான் இருக்கு, அது நமக்கு ஆதாரம். நிதானமாப் படிங்க. இந்த மாதிரிக் கடனுக்குக் கேஸ் போட 3 வருஷம்தான் கெடு, 1963 லிமிடேஷன் சட்டம். கெடுவுக்குள்ள “தர வேண்டியிருக்கு”ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா அன்னையில இருந்து மறுபடி 3 வருஷம் ஓடும், 18-வது பிரிவு. கடைசியா பேங்க்ல அனுப்பின தேதியில இருந்து எண்ணினாலும் அடுத்த மாசத்தோட முடியுது. இத்தனை நாள் சும்மா இருந்தவன் இப்ப ஏன் எழுதறான்? உன் வாயால “தரேன்”னு வரணும், அதுக்குத்தான். வாட்ஸ்அப்ல எழுதினது கையெழுத்துக்குச் சமமான்னு வக்கீல்கள் வாதாடிக்கட்டும், நாம ஏன் எடுத்துக் குடுக்கணும்? கெடு முடிஞ்ச பிறகு “தரேன்”னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாலும் ஒப்பந்தச் சட்டம் 25(3)ல மாட்டிக்குவோம்.

அப்பா: பாட்டி கண் மருந்து பாட்டில் காணோம். யாரு எடுத்தது

அத்தை: ஜன்னல் பக்கம் பாரு

அத்தை: அண்ணே, கெடு முடியற வரைக்கும் ஒளிஞ்சுக்கிற மாதிரி இருக்கே. நமக்கு அது வேண்டாம்

பெரியப்பா: பாக்கி இருந்தா நானே கட்டச் சொல்வேன். குடுத்த பணத்தை ரெண்டாவது தடவை குடுக்கணுமா?

அண்ணன்: எண்ணித்தான் வாங்கினார் அத்தை. ஒரு 500 ஓரம் கிழிஞ்சிருக்குன்னு நீட்டினார், வேற மாத்திக் குடுத்தேன்

அத்தை: சரிப்பா

சித்தி: போலீஸ் வருமா? பிள்ளைக்குப் பரீட்சை நடக்குது

பெரியப்பா: கைமாத்துப் பாக்கி சிவில் விஷயம்மா. வசூல் பண்றது போலீஸ் வேலை இல்லை. ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டா வக்கீலோட போகணும், அவ்வளவுதான். ஆனா தபால்ல வக்கீல் நோட்டீஸ் வந்தா மட்டும் திருப்பி அனுப்பாதீங்க. வாங்கிப் பதில் போடணும்.

பெரியப்பா: தம்பி, செக் ஏதாச்சும் குடுத்தியா?

நான்: சித்தப்பா, ஆன்லைன்லதான் இருக்கீங்க

சித்தப்பா: ஒண்ணு. தேதி, தொகை எழுதாம

பெரியப்பா: உன் கணக்கா?

சித்தி: என் செக்கா

சித்தி: கையெழுத்து வாங்கறப்போ கேட்டேனே. ஸ்கூல் ஃபீஸுக்குன்னீங்க

அத்தை: நேர்ல பேசிக்கலாம்மா

சித்தி: இருக்கட்டும் அண்ணி. எல்லாருக்கும் தெரியட்டும்

பெரியப்பா: மிரட்டலை விட இதுதான் கவலை. அவன் தேதி போட்டு பேங்க்ல போட்டுத் பணமில்லாமத் திரும்பிட்டா செக் பவுன்ஸ் கேஸ், 138-வது பிரிவு, அது கிரிமினல். பேங்க்ல இருந்து தகவல் வந்த 30 நாளுக்குள்ள அவன் நோட்டீஸ் அனுப்பணும். அது நம்ம கைக்கு வந்ததுல இருந்து பணம் கட்ட 15 நாள் நமக்கு. கையெழுத்து யாருதோ அவங்க பேர்லதான் கேஸ். ஸ்டாப் பேமெண்ட் குடுத்தாலே தப்பிச்சோம்னு நினைக்காதீங்க.

சித்தி: நோட்டீஸ் பழைய வீட்டு அட்ரஸுக்குப் போனா?

பெரியப்பா: நல்ல கேள்வி. இன்னைக்கே அந்த வீட்டுக்காரங்ககிட்ட சொல்லி வை, எந்தத் தபாலும் திரும்பக் கூடாது

நான்: சித்தி, உங்க பேர்ல வந்தா இலவச சட்ட உதவி கிடைக்கும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்க மாட்டாங்க. 15100க்குப் போன் பண்ணலாம்

பெரியப்பா: பதில் இப்படி இருந்தாப் போதும்: “நீங்கள் சொல்லும் பாக்கி இல்லை. முழுத் தொகையும் திருப்பித் தரப்பட்டது. மறுத்தால் கணக்கையும் புரோநோட்டின் நகலையும் எழுத்தில் அனுப்புங்கள். பாதுகாப்புக்காகத் தந்த காசோலையைத் திருப்பித் தரவும்.”

அண்ணன்: “கேஸ் போடு பாக்கலாம்”னு கடைசியில சேர்த்துக்கலாமா

பெரியப்பா: ஒரு வார்த்தை கூடாது

அப்பா: அப்ப அனுப்பிடலாமா

சித்தி: யாரும் எதுவும் அனுப்பாதீங்க. வக்கீல் பார்க்கட்டும். நாளைக்கு நானே போறேன்

சித்தப்பா: நானும் வரேன்

சித்தி: பேங்க் ஸ்டேட்மெண்ட் எடுத்து வைங்க முதல்ல

அத்தை: கண் மருந்து கிடைச்சுதா

அப்பா: கிடைச்சுது. ஜன்னல்லதான்

சித்தப்பா: அவர் கால் பண்றார்

சித்தப்பா: எடுக்கவா?

பெரியப்பா: வேண்டாம். எழுத்துல கேட்கட்டும்

சித்தப்பா: திரும்பத் திரும்ப அடிக்கறார்

சித்தி: போனை எங்கிட்ட குடுங்க