வேர்ட்பிரஸ் லிங்க்கில் புள்ளி காணாமல் போகிறது; கூடவே ஒரு இம்ப்ரெசும் சந்தேகம்

கேள்வி (லைப்சிக்கிலிருந்து)

அக்டோபரில் முதுகலை படிக்க ஜெர்மனி வந்தேன். நான்கரை மணிக்கே இருட்டிவிடும் ஊரில் பேச ஆள் இல்லாததால், சொந்தமாக ஒரு தளம் போட்டு எழுத ஆரம்பித்தேன். தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள்தான். இதுவரை மூன்று பதிவுகள். மூன்றுக்கும் 'லைப்சிக் நகரத்தில் முதல் குளிர்காலம்' என்பது தொடர்த் தலைப்பு. அதன் பின்னால் ரொட்டி, சைக்கிள், நகர அலுவலகம் என்று அந்தந்தப் பதிவின் பெயர் வரும்.

முதல் பதிவின் லிங்க் 'லைப்சிக்-நகரத்தில்-முதல்' என்று பாதியில் நிற்கிறது. இரண்டாவது 'லைப்சிக்-நகரத்தில்-முதல-2'. ஆமாம், 'முதல்' என்பதில் புள்ளியே இல்லை. மூன்றாவது 'முதல-3'. தலைப்பில் மட்டும் எல்லாம் சரியாக இருக்கிறது. கீபோர்டை மாற்றிப் பார்த்தேன். கூகுள் எழுத்துருக்களில் நாலைந்தைப் போட்டுப் பார்த்தேன். பலனில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இன்னும் மோசம்: வரி வரியாக % குறிகள். ஊரில் அத்தை அதைப் பார்த்துவிட்டு, "இதைத் தொட்டா பேங்க் பணம் போயிடுமாப்பா?" என்று கேட்டார்.

இன்னொன்று. தளத்தில் 'இம்ப்ரெசும்' என்று பெயரும் வீட்டு முகவரியும் போடாவிட்டால் அபராதம் என்கிறான் கூட இருக்கும் ஜெர்மன் பையன். நாங்கள் நாலு பேர் சேர்ந்து இருக்கும் வீடு இது. ஏதோ கட்டுரை எழுதுகிறவனுக்கும் இந்த விதி உண்டா?

பதில் 1

உங்கள் எழுத்துருவும் கீபோர்டும் நிரபராதிகள். இது கணக்குப் பிரச்சினை.

நம் கண்ணுக்கு 'ல்' ஒரே எழுத்து. கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் அது இரண்டு குறியீடு: 'ல' ஒன்று, புள்ளி ஒன்று. ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். லிங்க்கில் ஒரு பைட்டை % போட்டு எழுத 3 இடம் பிடிக்கும். ஆக ஒரு குறியீட்டுக்கு 9 இடம். வேர்ட்பிரஸ் ஸ்லக்குக்கு, அதாவது லிங்க்கின் கடைசித் துண்டுக்கு, ஒதுக்குவதோ மொத்தமே 200 இடம்.

இப்போது எண்ணுங்கள். லைப்சிக் 8, நகரத்தில் 9, முதல் 5. கூட்டினால் 22. இருபத்திரண்டு ஒன்பது 198, நடுவில் இரண்டு கோடு, 200. குளிர்காலம் வருவதற்குள் இடம் தீர்ந்துவிட்டது! அடுத்த பதிவுக்கும் அதே ஸ்லக் வந்ததால் கடைசியில் '-2' ஒட்ட வேண்டும். அதற்கு இடம் விட, கடைசிக் குறியீட்டை வெட்டியிருக்கிறது. வெட்டுப்பட்டது உங்கள் புள்ளி.

பதிவைத் திருத்தும் பக்கத்தில் ஸ்லக் என்ற இடம் இருக்கும். அங்கே ரோமன் எழுத்தில் ஒன்றிரண்டு சொல் போட்டு, சேமித்துவிடுங்கள். பழைய ஸ்லக்கை வேர்ட்பிரஸ் நினைவில் வைத்திருக்கும். முன்பே அனுப்பிய லிங்க்கைத் தொட்டாலும் புதியதற்குப் போய்விடும்.

பதில் 2

தமிழில் எழுதிவிட்டு லிங்க்கை மட்டும் ரோமனில் வைப்பதா? 'சைக்கிள்' என்று ஒரே சொல் போட்டால் போதுமே. 8 குறியீடு, 72 இடம், வெட்டே விழாது.

பதில் 1 எழுதியவர்

வெட்டு விழாதுதான். ஆனால் % குறி போகாது. பயந்திருப்பது அவருடைய அத்தை, நீங்களும் நானும் இல்லை.

பதில் 3 (பெர்லின்)

முகவரி விஷயத்துக்கு வருகிறேன். நான் வக்கீல் இல்லை. எட்டு வருடமாக இங்கிருந்து தளம் நடத்துகிறவள்.

உங்கள் நண்பர் சொல்வது பெரும்பாலும் சரி. 2024 மே மாதம் முதல் டிஜிட்டல் சேவைகள் சட்டம் அமலில் இருக்கிறது; அதற்கு முன் இருந்தது டெலிமீடியா சட்டம். இப்போதைய சட்டத்தின் 5ஆம் பிரிவு தொழில்முறைத் தளங்களுக்கானது. விளம்பரம் போட்டால் நீங்களும் அதற்குள் வந்துவிடுவீர்கள். விளம்பரமே இல்லை என்றாலும், மாநிலங்களின் ஊடக ஒப்பந்தத்தில் 18ஆம் பிரிவு இருக்கிறது. முழுக்கச் சொந்தத் தேவைக்கோ குடும்பத்துக்கோ மட்டும் என்று இல்லாத தளத்தில் பெயரும் முகவரியும் வேண்டும் என்கிறது அது. தபால் பெட்டி எண் போதாது. அந்த முகவரியில் நால்வர் இருப்பதால், மற்ற மூவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மாணவர் விசா என்பதால் விளம்பரத்தில் இன்னொரு கண்ணி உண்டு. வருடத்துக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம் என்பது சம்பள வேலைக்கு. சொந்தத் தொழிலாகக் காசு பார்க்க வெளிநாட்டவர் அலுவலகத்தில் தனி அனுமதி வாங்க வேண்டும். இப்போதைக்கு விளம்பரத்தை மறந்துவிடுங்கள்.

அப்புறம், கூகுள் எழுத்துரு என்றீர்களே. அதை கூகுள் சர்வரிலிருந்து நேராக இழுத்தால் வாசகரின் ஐபி முகவரி அங்கே போகும். 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் இதற்காக ஒரு தளம் 100 யூரோ இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைத் தரவிறக்கி உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். செலவில்லை.

பதில் 4

கேட்காத கேள்விக்குப் பதில்: டொமைனை, அதாவது தளத்தின் பெயரை, ஊர் மொபைல் எண்ணில் பதிந்திருந்தால் உடனே ஜெர்மன் எண்ணுக்கு மாற்று தம்பி. ரீசார்ஜ் செய்யாமல் சிம் செத்தது, ஓடிபி வரவில்லை, புதுப்பிக்கும் தேதி தாண்டியது, என் டாட்காம் மீட்புக் காலத்துக்குள் போய்விட்டது. அந்த 30 நாளுக்குள் மீட்கலாம், ஆனால் புதுப்பிக்கும் கட்டணத்துக்கு மேல் தனியாகத் தண்டம் கட்ட வேண்டும். கட்டினேன்.

கேள்வி கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. ஸ்லக்குகளை ரோமனில் மாற்றிவிட்டேன். பழைய லிங்க்கைத் தொட்டுப் பார்த்தேன், சரியாகப் போகிறது. எழுத்துருவும் என் சர்வருக்கு வந்துவிட்டது. நம்பர் மாற்றுவதை இன்று ராத்திரி செய்துவிடுகிறேன் அண்ணா.

முகவரிக்கு வீட்டில் இரண்டு பேர் சரி என்றார்கள், ஒருத்தி யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அக்கா சொன்னதை வைத்து, அதுவரை தளத்துக்குப் பாஸ்வேர்டு போட்டுக் குடும்பத்துக்கு மட்டும் கொடுத்திருக்கிறேன்.

அத்தை தைரியமாகத் திறந்து மூன்றையும் படித்துவிட்டார். கறுப்பு ரொட்டியைப் புளிக்குழம்பில் தொட்டுச் சாப்பிட்டதை ஊருக்கே எழுதத்தான் வேண்டுமா என்று கேட்கிறார்.