கண்குழி எக்ஸ்ரே: மறக்க முடியாத கேஸ் இருந்தால் சொல்லுங்கள்

மண்டபம் டெக்னீஷியன்:

மீன்பிடித் தடைக்காலம் முடியப் போகிற வாரம். ஜூன் 14 தாண்டினால் எல்லாப் போட்டும் இறங்கிவிடும், அந்த அவசரம் உங்களுக்குத் தெரியும். வின்ச் கயிறு அறுந்து முகத்தில் அடித்தது என்று ஒருவரைக் கூட்டி வந்தார்கள். சீட்டில் பிஎன்எஸ் (சைனஸ் படம்) என்று மட்டும் எழுதியிருந்தது. ஆனால் அவர் கன்னம் மரத்துப்போச்சு என்று சொல்லிக்கொண்டே மேலுதட்டைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்துக்கும் மேலுதட்டுக்கும் உணர்வு தருகிற நரம்பு கண்குழியின் தரை வழியாகத்தானே போகிறது. அதனால் மோவாயைத் தூக்கி எடுக்கிற வழக்கமான வாட்டர்ஸ் படம் வேண்டாம், மோவாயைக் கொஞ்சம் இறக்கி, கண்ணிலிருந்து காதுக்குப் போகிற கோடு பிளேட்டுக்கு 55 டிகிரியில் வருகிற மாதிரி எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். பக்கி (பிளேட் மாட்டுகிற ஸ்டாண்டு) பக்கம் திருப்புவதற்கு முன்னால், சும்மாதான், "மேலே பாருங்கண்ணே" என்றேன். வலது கண் மேலே போனது, இடது கண் பாதியிலேயே நின்றுவிட்டது.

படத்திலும் அதுதான், கண்குழியின் தரை உடைந்திருந்தது. அது வழியாக இறங்கிய சதை, கன்னத்துக்குள் இருக்கிற மேக்சில்லரி சைனஸின் கூரையிலிருந்து கண்ணீர்த்துளி போலத் தொங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் மதுரைக்குப் போய் சிடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இவர் வெளியே வந்து, "ரெண்டு போட்டு தெரியுது தம்பி, பரவாயில்ல, ஏதாவது ஒண்ணுல ஏறிக்கிறேன்" என்று சிரித்துவிட்டுப் போனார். மதுரைக்குப் போனாரா, கடலுக்குப் போனாரா, இன்றுவரை தெரியாது. எந்தப் படகுத்துறை என்றுகூட நான் கேட்டு வைக்கவில்லை.

கீழக்கரை வெல்டர்:

நான் படம் எடுக்கிற ஆள் இல்லை, எடுத்துக்கொண்ட ஆள். இடுப்பு வலிக்கு எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தார்கள். அங்கே இருந்த பெண் கேள்வித்தாளை வாசித்துக்கொண்டே வந்து, கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் போயிருக்கிறதா என்று கேட்டது. கிரைண்டர் பிடிக்கிறவனிடம் இது ஒரு கேள்வியா? போகாத மாதம் இல்லை என்றேன். அவ்வளவுதான், எம்ஆர்ஐ நின்றது, முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே என்று அனுப்பிவிட்டார்கள். எம்ஆர்ஐ மெஷினின் காந்தம் கண்ணுக்குள் இருக்கிற இரும்புத் துண்டை அசைத்தால் பார்வையே போகலாமாம்.

மூக்கையும் மோவாயையும் பிளேட்டில் ஒட்டி, தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும் மேலே பார் என்று ஒன்று, கீழே பார் என்று ஒன்று. கம்ப்யூட்டரில் வெள்ளையாக ஒரு புள்ளி. எனக்கு வியர்த்துவிட்டது, வாப்பாவுக்குப் போன் போடலாமா என்றுகூட நினைத்தேன். அந்த டெக்னீஷியன் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, புள்ளி இரண்டிலும் ஒரே இடத்தில்தான் நிற்கிறது, கண்ணுக்குள் இருந்தால் கண்ணோடு சேர்ந்து நகர்ந்திருக்கும் என்றார். பிளேட்டை மாற்றி இன்னொன்று எடுத்தார், புள்ளியைக் காணோம். பழைய பிளேட்டில் ஒட்டியிருந்த தூசி. நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

ராமநாதபுரம், ரிட்டயர்டு:

மண்டபம் தம்பி, அந்தக் கேஸுக்கு ஒரே படத்தோடு விட்டீர்களா? எழுதியதைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. கால்ட்வெல் வியூ எங்கே? நெற்றியும் மூக்கும் பட நிறுத்தி, டியூபை 15 டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்தால் காதை ஒட்டி உள்ளே இருக்கிற பெட்ரஸ் எலும்பு கண்குழியின் கீழ் மூன்றில் ஒரு பாகத்தில் விழும், மேல் விளிம்பும் பக்கச் சுவர்களும் தெளிவாகக் கிடைக்கும். கீழ் விளிம்பும் வேண்டும் என்றால் 30 டிகிரி, பெட்ரஸ் முழுக்கக் கீழே இறங்கிவிடும். 55 டிகிரி சரிதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. 37 டிகிரி வாட்டர்ஸில் மோவாய் மட்டும் பட்டு மூக்கு விலகி நிற்கும், இதில் மோவாயும் மூக்கும் இரண்டுமே படவேண்டும், அப்போதுதான் கண்குழியின் தரை கதிருக்கு நேராக வரும். இப்போது வருகிற பிள்ளைகள் டிகிரியைச் சொல்வார்கள், எது எங்கே படவேண்டும் என்று கேட்டால் முழிப்பார்கள்.

என் கேஸ் சின்னது. ரீஸ் வியூ எடுக்கச் சொல்லி ஒரு பையனை அனுப்பியிருந்தார்கள், பார்வை மங்குகிறது, பார்வை நரம்பு போகிற ஆப்டிக் கால்வாயைப் பார்க்க வேண்டும் என்று. கன்னம், மூக்கு, மோவாய் மூன்றும் பட்டு, தலை 53 டிகிரி. கண்குழி நேராகப் பின்னால் போவதில்லை, 37 டிகிரி உள்பக்கம் சாய்ந்து குறுகிக்கொண்டே போகிறது, அதனால்தான் இந்தத் திருப்பம். முதல் எக்ஸ்போஷரிலேயே கண்குழியின் கீழ் வெளிமூலையில் கால்வாய் வட்டமாக வந்து விழுந்தது. பையனுடைய அம்மா படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஓட்டை விழுந்துருச்சா சார்?" என்று அழ ஆரம்பித்தார். எல்லாருக்கும் அந்த ஓட்டை இருக்கும் அம்மா, அது வழியாகத்தான் பார்வை நரம்பே போகிறது என்று சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை. பழைய படம் ஒன்றை எடுத்துக் காட்டியபிறகுதான் எழுந்து போனார்.

சாயல்குடி பக்கம்:

ரிட்டயர்டு சார், டிகிரி எல்லாம் இருக்கட்டும். எந்த டிகிரியில் எடுத்தாலும் சீமைக்கருவேல முள் எக்ஸ்ரேயில் தெரியாது, அதை யாராவது சொல்லுங்கள்.

என் பெரியம்மா விறகு வெட்டப் போனபோது மேல் இமை ஓரத்தில் முள் ஏறிவிட்டது. நுனி ஒடிந்து உள்ளே நின்றதா, வந்துவிட்டதா தெரியவில்லை. படம் எடுத்தார்கள், கவரின் மேல் நார்மல் என்று எழுதிக் கொடுத்தார்கள், எந்த இடம் என்று சொல்ல வேண்டாம். அந்த ஒரு வார்த்தையை நம்பி வீட்டுக்கு வந்து மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தோம். இமை வீங்கி, சீழ் வைத்து, கண்ணே வெளியே தள்ள ஆரம்பித்தபிறகு மதுரைக்கு ஓடினோம். அங்கேயும் சிடியில் ஏதோ காற்றுப் போலக் கறுப்பாக ஒரு கோடுதான் தெரிந்தது, முள் குத்தியது என்று நாங்கள் சொன்னதால்தான் அது காற்று இல்லை, மரம் என்று கண்டுபிடித்தார்கள். எடுத்துக் கையில் கொடுத்த துண்டு என் சுண்டுவிரல் நகம் அளவு. இரும்பு தெரியும், கண்ணாடி பெரும்பாலும் தெரியும், முள்ளும் பனங்கருக்குச் சிராயும் தெரியாது. நம் ஊரில் கண்ணில் குத்துவது எது அதிகம்?

மண்டபம் டெக்னீஷியன்:

சார், கால்ட்வெல்லும் லேட்டரலும் (பக்கவாட்டுப் படம்) எடுத்தேன். எல்லாவற்றையும் இங்கே எழுத வேண்டுமா? அப்புறம் சிடி இருக்கிற இடத்தில் இன்று ரீஸ் யாரும் கேட்பதில்லை. சாயல்குடி அக்கா சொல்வது உண்மை, குத்தியது மரமா இரும்பா என்பதைச் சீட்டிலேயே எழுதி அனுப்பினால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

தொண்டி:

என் மச்சானுக்கு நடந்தது. துடுப்பு நழுவி மூக்குப் பக்கம் அடித்தது, லேசான ரத்தம், வலியும் அவ்வளவாக இல்லை. ராத்திரி மூக்கை ஓங்கிச் சிந்தினான். எங்கள் கண்முன்னாலேயே இமை பொங்கி மூடிக்கொண்டது. பயந்துபோய்த் தொட்டால் உள்ளே நறநறவென்று சத்தம், அந்தச் சத்தம் இன்னும் விரலிலேயே இருக்கிறது.

டெக்னீஷியன் படுக்கவைக்கச் சம்மதிக்கவில்லை, தலை சுற்றுகிறது என்று சொல்லியும் ஸ்டூலில் உட்காரவைத்துத்தான் எடுத்தார். எனக்குக் கோபம் வந்தது. படத்தில் கண்குழியின் மேல்பக்கம் புருவம் வரைந்தமாதிரி கறுப்புப் பட்டை. மூக்குப் பக்கச் சுவர் காகிதம் மாதிரி மெல்லியது, அது உடைந்து சைனஸ் காற்று உள்ளே போயிருக்கிறது, உட்கார்ந்தால்தான் காற்று மேலே ஏறித் தெரியும் என்றார். சரி, அந்த ஆளிடம் கோபப்பட்டது வீண்.

ராமநாதபுரம், ரிட்டயர்டு:

தொண்டி தம்பி, மச்சானைச் சில வாரம் மூக்குச் சிந்தவேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருப்பார். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மச் சொல்லுங்கள். ஆறும்வரை முத்துக்குளிக்கிற மாதிரி மூச்சடக்கி முங்குவதும் கூடாது. பார்வை மங்கினாலோ கண் கல்லுப்போல இறுகினாலோ காலை வரை காத்திருக்காமல் உடனே வண்டி பிடியுங்கள்.

தொண்டி:

முங்கக் கூடாது என்று சொன்னார் சார். அவன் நண்டு வலை பார்க்கப் போய்விட்டான்.