மூன்று கொட்டேஷன் வரும்வரை பழம் காத்திருக்குமா?

கூழ் ஃபேக்டரிக்காரன்

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் வேலை. பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். சீசனில் இரவு பகல் பார்க்காமல் மெஷின் ஓடும். பெங்களூரா ரக மாங்காய் லாரியில் வந்து இறங்கும், பழுக்க வைக்கும் எத்திலீன் வாயு அறையில் நாலைந்து நாளில் பழுக்கும். பழுத்ததை உடனே அரைத்து, சூடுபடுத்தி, 215 கிலோ டிரம்மில் அடைத்தாக வேண்டும்.

முன்பு முதலாளி இங்கேயே இருப்பார். ஏதாவது பாகம் போனால் ஒரு பையனை ஓசூருக்கு பஸ் ஏற்றிவிடுவார், சாயங்காலத்துக்குள் சாமான் வந்துவிடும். அப்புறம் வெளியூர் கம்பெனி ஒன்று ஃபேக்டரியை வாங்கியது. எதை வாங்கினாலும் மூன்று கொட்டேஷன், கடைக்காரரின் ஜிஎஸ்டி நம்பர், கேன்சல் செய்த செக், அதற்கு மேல் பர்ச்சேஸ், ஃபைனான்ஸ், தலைமை அலுவலகம் என்று வரிசையாக ஒப்புதல்.

போன சீசன் நடுவில் கூழைச் சூடுபடுத்தும் ஸ்டெரிலைசரில், கசியாமல் அடைக்கும் கேஸ்கட் ஒன்று போய்விட்டது. சில ஆயிரம் ரூபாய்ச் சாமான். ஓசூர் கடைக்காரர் "வாங்க, எடுத்து வைக்கிறேன்" என்கிறார். ஆனால் அன்று வெள்ளிக்கிழமை சாயங்காலம். தலைமை அலுவலகத்துக்கு சனி, ஞாயிறு லீவு. சூப்பர்வைசர் சொந்தக் காசில் வாங்கி வருகிறேன் என்றார். அப்படி வாங்கினால் பில் பாஸ் ஆகாது, ஆடிட்டில் மாட்டும் என்று தடுத்துவிட்டார்கள்.

ஒப்புதல் வந்து சேர்ந்தபோது அறையில் இருந்த பழம் தோல் கறுத்து, புளித்த வாடை அடித்தது. லோடு லோடாகக் குழிக்குப் போனது. பழம் பொறுக்கும் அக்காக்கள்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு அள்ளினார்கள்.

இதைக்கூட விடுங்கள். கழிவு ஏன் இவ்வளவு என்று கேட்டு ஒரு படிவம் வந்தது. காரணத்துக்கு மூன்றே கட்டம்: மெஷின், ஆள், மூலப்பொருள். ஒப்புதல் தாமதம் என்று கட்டமே இல்லை. மெஷின் என்றால் மெயின்டெனன்ஸ்காரருக்கு மெமோ, ஆள் என்றால் எங்களுக்கு. மேனேஜர் மூலப்பொருளில் டிக் போட்டார். மாங்காய் வந்து மறுத்துப் பேசவா போகிறது? அதை நம்பி இந்த வருடம் மேலே முடிவெடுத்திருக்கிறார்கள்: காய் தரம் சரியில்லையாம், கேட்டிலேயே எடையில் கழிவு என்று கூடுதலாகக் கழித்துப் பிடிக்க வேண்டுமாம்!

சிப்காட் ஷிப்ட்

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனியிலும் இதே கதைதான். எங்களுக்கு ராயக்கோட்டை வழியாக வந்த கம்பெனி பஸ்ஸைச் செலவுக் குறைப்பு என்று நிறுத்தினார்கள். தக்காளி வண்டிகளுக்கு நடுவே ஊர்ந்து வரும் பஸ்ஸில் தொங்கி ஓசூர் வந்தால் பயோமெட்ரிக்கில் லேட். லேட் அதிகமாகிவிட்டது என்று எங்களுக்கு நேர மேலாண்மை வகுப்பு வைத்தார்கள். வகுப்பு எடுத்தவருக்கு மட்டும் பெங்களூரிலிருந்து கம்பெனி கார்.

தோப்புக்காரர் மகன்

அண்ணா, சந்தூர் பக்கம் எங்கள் தோப்பு. இந்த வருடம் ஏன் டன்னுக்கு இவ்வளவு பிடிக்கிறார்கள் என்று அப்பா தினமும் புலம்புகிறார். மண்டிக்காரர் மழையைச் சொன்னார், கேட்டில் இருந்தவர் காயில் புள்ளி என்றார். கேஸ்கட் என்று ஒருத்தரும் சொல்லவில்லை! நாங்கள் ஏதாவது செய்ய முடியுமா?

கூழ் ஃபேக்டரிக்காரன்

தம்பி, உங்கள் லோடு எங்கள் கேட்டுக்குத்தான் வந்ததா என்று தெரியாது. எங்கே போட்டாலும் தரம் பிரிக்கும்போது டிரைவரை மட்டும் அனுப்பாமல் நீங்களோ அப்பாவோ பக்கத்தில் நில்லுங்கள். கழிவு எவ்வளவு, எதனால் என்று எடைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொல்வதை வைத்து அப்புறம் சண்டை போட முடியாது. முடிந்தவரை ராத்திரி ஷிப்டில் இறக்க வேண்டாம், அப்போது பதில் சொல்லும் அளவுக்கு அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.