ஸ்லைடுகளைப் பைத்தானில் செய்கிறவர்கள்: மும்பைத் தமிழர்களின் அனுபவங்கள்

செம்பூரிலிருந்து:

நான் வேலை பார்ப்பது ஒரு கடன் நிறுவனத்தில். மாதம் பிறந்தால் கிளைவாரி ஆய்வுக் கூட்டம் வந்துவிடும். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பவர்பாயிண்ட் கோப்பு வேண்டும். வடிவம் ஒன்றுதான், எண்கள்தாம் வேறு. எக்செல்லிலிருந்து எடுத்து ஒட்டுவதற்காக லோயர் பரேல் அலுவலகத்தில் ஆட்கள் இரவு நெடுநேரம் உட்கார்ந்திருப்பார்கள். கடைசி ரயிலை நினைத்துக்கொண்டே ஒட்டுகிற எண்ணில் பிழை வராமல் இருக்குமா?

இன்று அந்த வேலையைப் பைத்தான்-பிபிடிஎக்ஸ் செய்கிறது. ஸ்டீவ் கேனி உருவாக்கிய திறமூல லைப்ரரி இது; அதாவது பைத்தான் நிரல்மொழியிலிருந்து பவர்பாயிண்ட் கோப்புகளை எழுதவும் படிக்கவும் உதவும் ஆயத்த நிரல்தொகுப்பு. எம்ஐடி உரிமத்தில் வெளியாவதால் வணிக நிறுவனங்களும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். 2024இல் இதன் 1.0 பதிப்பு வந்தது. பவர்பாயிண்ட் இல்லாத லினக்ஸ் சர்வரிலும் ஓடும். ஏனென்றால் பிபிடிஎக்ஸ் கோப்பு என்பது எக்ஸ்எம்எல் என்ற, குறிகளிட்டு எழுதிய உரைக் கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப். இந்த அமைப்பு 2006இல் எக்மா-376 என்றும், 2008இல் ஐஎஸ்ஓ 29500 என்றும் தரநிலையாக வெளியானது. லைப்ரரி பவர்பாயிண்டைத் தொடுவதே இல்லை. கோப்புக்குள் இருக்கும் எக்ஸ்எம்எல்லைப் படித்து, மாற்றி, திரும்ப எழுதிவிடுகிறது.

புதிதாகச் சேருகிறவர்களிடம் நான் பிடிவாதமாகச் சொல்வது ஒன்று உண்டு: அழகுபடுத்தும் வேலையை நிரலுக்குள் கொண்டுவராதீர்கள். இந்தக் கோப்பில் நீளத்தை அளக்கும் அலகு இஎம்யூ. ஓர் அங்குலத்துக்கு 9,14,400, ஒரு சென்டிமீட்டருக்கு 3,60,000. பெட்டிக்குப் பெட்டி இந்தக் கணக்கை எழுதி வைத்தால், நிறுவனச் சின்னம் சற்று இடம் மாறினாலும் நிரல் முழுவதையும் திருத்த வேண்டியிருக்கும். எங்கள் வடிவமைப்பாளர் ஸ்லைடு மாஸ்டர் என்ற மூல அமைப்பைத் திறந்து, லேஅவுட்களையும் (ஸ்லைடின் இட அமைப்புகள்) பிளேஸ்ஹோல்டர்களையும் (உள்ளடக்கம் வந்து நிரம்பும் காலிப் பெட்டிகள்) தம் கையாலேயே அமைத்துத் தருகிறார். நிரல் லேஅவுட்டைப் பெயர் சொல்லித் தேடி, உரிய பிளேஸ்ஹோல்டரை நிரப்புவதோடு நின்றுகொள்கிறது. எண் வரிசைப்படி தேட வேண்டாம். யாராவது லேஅவுட் ஒன்றை மேலே நகர்த்தினால் எல்லாம் இடம் மாறிப்போகும். இப்படி அமைத்து வைத்த மாதிரிக் கோப்பு, அதாவது டெம்ப்ளேட், எதையும் கொடுக்காமல் தொடங்கினால் லைப்ரரி தன்னுடைய 4:3 ஸ்லைடைத் தரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வரைபடங்களைப் படமாக ஒட்டுவதில்லை. டெம்ப்ளேட்டில் நிறம், எழுத்தளவு எல்லாம் சரிசெய்த வரைபடம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் தரவை மட்டும் மாற்றும் வசதி லைப்ரரியில் உண்டு. நிறங்கள் அப்படியே நிற்கும். கூட்டத்தில் மேலாளர் விரும்பினால் வரைபடத்தைச் சொடுக்கி எண்களைத் திறந்து பார்க்கலாம்.

திரையில் தெரிவதும் கோப்புக்குள் இருப்பதும் வேறு வேறு என்பதை இதில்தான் கற்றேன். உங்களுக்கு அப்படி என்னென்ன தென்பட்டது? தமிழ் எழுத்தோடு பயன்படுத்தியவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.

தாராவியிலிருந்து:

அக்கா, நான் தமிழோடுதான் பயன்படுத்துகிறேன். 90 அடி சாலைக்குப் பக்கத்தில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறோம். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளும் மராத்தியில் படிக்கும் பிள்ளைகளும் ஒரே அறையில் இருப்பார்கள். அறிவியல் சொற்களை இரண்டு மொழியிலும் ஓர் எக்செல் பட்டியலில் வைத்து, சொல்லுக்கு ஒரு ஸ்லைடாக எடுக்கிறேன்.

தமிழில் வேலை செய்கிறவர்கள் முதலில் அறிய வேண்டியது எழுத்துரு விஷயம். லைப்ரரி வழியாக எழுத்துருவின் பெயரைக் கொடுத்தால், எக்ஸ்எம்எல்லில் அது லத்தீன் எழுத்துக்கான குறியில் மட்டும் பதிகிறது. தமிழுக்கும் தேவநாகரிக்கும் பவர்பாயிண்ட் பார்ப்பது சிஎஸ் என்ற இன்னொரு குறியை. அது காலியாக இருந்தால் தீமில், அதாவது கோப்பின் பொதுவான நிற, எழுத்துரு அமைப்பில், தமிழுக்கென்று குறித்துள்ள எழுத்துருவைத் தேடிப் போகும். ஆபீஸின் வழக்கமான தீமில் அது லதா. விண்டோஸ் 10இல் லதா எல்லாக் கணினியிலும் இருக்காது. அதனால்தான் நிரலில் எழுத்துருவை மாற்றியும் ஆங்கிலம் மட்டும் மாறி, தமிழ் பழையபடியே நிற்கிறது.

இதற்குத் தீர்வு உண்டு. லைப்ரரிக்கு அடியில் எக்ஸ்எம்எல்லைக் கையாளும் எல்எக்ஸ்எம்எல் என்ற இன்னொரு லைப்ரரி இருப்பதால், அந்தச் சிஎஸ் குறியை நாமே சேர்த்துவிடலாம். லத்தீன் குறிக்குப் பிறகுதான் அது வர வேண்டும். வரிசை மாறினால், கோப்பைப் பழுதுபார்க்கவா என்று பவர்பாயிண்ட் கேட்கக்கூடும். தமிழ்ப் பகுதியையும் மராத்திப் பகுதியையும் தனித்தனி ரன்னாக (ஒரே வடிவம் கொண்ட எழுத்துத் துண்டாக) பிரித்து, தமிழுக்கு முக்தா மலர், மராத்திக்கு முக்தா என்று கொடுக்கிறேன். இரண்டும் நம் மும்பையிலேயே இயங்கும் ஏக் டைப் குழுவின் திறமூல எழுத்துருக்கள். ஒரே குடும்பம் என்பதால் இரண்டு மொழியும் பக்கத்தில் நிற்கும்போது தடிமன் ஒத்துப்போகிறது. பலகையைப் பார்க்கிற குழந்தைக்குத் தன் மொழி மட்டும் மெலிந்தும் சிறுத்தும் தெரியக் கூடாது. எனக்கு இது பெரிய விஷயம்.

இன்னொன்று, எழுத்தைத் தானாகச் சுருக்கும் அமைப்பை நிரலில் இயக்கி வைத்தாலும், பவர்பாயிண்டில் அந்தப் பெட்டியை யாராவது திருத்தும்வரை அது சுருங்காது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. பெட்டியை முதலிலேயே அகலமாக வையுங்கள்.

டோம்பிவிலியிலிருந்து:

சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்லைடில் அடைப்புக்குறிக்குள் ஒரு குறிச்சொல்லை எழுதி வைத்து, பிறகு அதைத் தேடி மாற்றுவது பலருடைய முதல் யோசனை. அதை நம்ப முடியாது. நமக்கு ஒரே சொல்லாகத் தெரிவதைப் பவர்பாயிண்ட் உள்ளே இரண்டு மூன்று ரன்களாக உடைத்து வைத்திருக்கும். நடுவில் ஓரெழுத்தைத் திருத்தியிருந்தால் போதும். ரன் ரன்னாகத் தேடினால் கிடைக்காது. பத்தி முழுவதையும் மாற்றினால் தடித்த எழுத்தும் நிறமும் போய்விடும். செம்பூர் அக்கா சொன்ன பிளேஸ்ஹோல்டர் வழியே சரி.

இருக்கும் ஸ்லைடை நகலெடுப்பதற்கோ நீக்குவதற்கோ லைப்ரரியில் நேரடி வழி இல்லை. எக்ஸ்எம்எல்லை நகலெடுத்து ஒட்டும் குறுக்குவழிகள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. எழுத்து மட்டும் உள்ள ஸ்லைடுக்கு அவை போதும். படமோ வரைபடமோ இருந்தால் அவற்றின் இணைப்புகள் அறுந்துபோகும். வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் வேறு வேறு கதை சொல்லும் விற்பனைக் கோப்புகளைக் கையால் செய்வதே நல்லது என்பது என் தீர்மானம். மாதந்தோறும் ஒரே உருவில் திரும்பி வருவதை மட்டும் நிரலிடம் ஒப்படையுங்கள்.

முலுண்டிலிருந்து:

எல்லாரும் கோப்பு செய்வதைப் பற்றி எழுதினீர்கள். நான் இந்த லைப்ரரியைப் படிப்பதற்கு மட்டுமே பயன்படுத்துகிறேன். உள்தணிக்கையில் இருக்கிறேன், வெளியே போகும் கோப்புகளை அனுப்புவதற்கு முன் சோதிப்பது என் பொறுப்பு.

ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளருக்குப் போகவிருந்த கோப்பு அது. அதில் எக்செல்லிலிருந்து ஒட்டிய சாதாரணப் பட்டை வரைபடம் ஒன்று இருந்தது. ஒட்டியவர் பணிப்புத்தகத்தை உட்பொதிக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுத்திருந்தார். அப்படிச் செய்தால் வரைபடத்தின் எண்கள் மட்டுமல்ல, அந்த எக்செல் கோப்பே உள்ளே போய்விடும். அதன் இன்னொரு தாளில் ஊழியர்களின் சம்பள விவரம் இருந்தது. வாடிக்கையாளர் வரைபடத்தின் மேல் சொடுக்கித் தரவைத் திறந்திருந்தால் எல்லாமே கண்ணில் பட்டிருக்கும். அனுப்புவதற்கு முன்பே தடுத்தோம். ஆனால் அந்தப் பட்டியலில் பெயர் இருந்தவர்களை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

அதன் பிறகு ஒரு சோதனை நிரல் எழுதினேன். ஸ்லைடு ஸ்லைடாகச் சென்று வரைபடங்களைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றின் உள்ளேயும் இருக்கும் பணிப்புத்தகத்தை வெளியே எடுக்கிறது. எத்தனை தாள்கள், அவற்றின் பெயர்கள் என்ன என்று பட்டியலிடுகிறது. குழுவாகக் கட்டிய வடிவங்களுக்குள்ளும் இறங்க வேண்டும். மேலோட்டமாகத் தேடினால் அவற்றுக்குள் இருப்பவை தவறிப்போகும். பேச்சாளர் குறிப்புகளையும் மறைத்து வைத்த ஸ்லைடுகளையும் எடுத்துக் காட்டுகிறது. படங்களையும் பாருங்கள்: பவர்பாயிண்டில் ஓரம் வெட்டிய படம் பெரும்பாலும் கோப்புக்குள் முழுதாகவே இருக்கும். வெட்டிய ஓரத்தில் ஆதார் எண் தெரிகிற அட்டைப் படத்தை நானே பிடித்திருக்கிறேன்.

பைத்தான்-பிபிடிஎக்ஸ் தானாக உருவாக்கும் வரைபடத்தில் இந்த ஆபத்து இல்லை. நாம் கொடுத்த எண்களை மட்டும் வைத்து, சிறு பணிப்புத்தகம் ஒன்றை அது புதிதாக எழுதிச் சேர்க்கிறது. பழைய பிபிடி வடிவக் கோப்புகளை இது திறக்காது. லிப்ரேஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் மாற்றிய பிறகே சோதிக்க முடியும்.

தாராவியிலிருந்து:

ஐயா, அந்த நிரலைப் பொதுவில் வைத்தால் பலருக்குப் பயன்படும். அக்கா, ஒரு கேள்வி: பிள்ளைகளின் பெற்றோருக்கு அலைபேசியில் பிடிஎஃப் அனுப்ப வேண்டும். லைப்ரரியிலேயே மாற்ற முடியுமா?

செம்பூரிலிருந்து:

முடியாது தம்பி. இதற்கு ஸ்லைடை வரைந்து காட்டத் தெரியாது. எழுதவும் படிக்கவும் மட்டுமே தெரியும். நாங்கள் சர்வரில் லிப்ரேஆபீஸைத் திரையில்லா முறையில் இயக்கி மாற்றுகிறோம். முக்தாவையும் முக்தா மலரையும் அந்தச் சர்வரில் முதலில் நிறுவிவிடுங்கள். இல்லையென்றால் லிப்ரேஆபீஸ் வேறு எழுத்துருவைப் போட்டு, வரிகளை வேறு இடத்தில் உடைக்கும். முலுண்ட் ஐயாவின் சோதனையை எங்கள் மாதாந்தர ஓட்டத்தில், பிடிஎஃப் எடுப்பதற்கு முந்தைய படியாகச் சேர்க்கப் போகிறேன். ஐயா, நிரலை வெளியிடும்போது எம்ஐடி உரிமமே கொடுங்கள். எங்கள் அலுவலகத்தில் அனுமதி பெறுவது எளிது.