நினைவுத்தூர்வு: சூழலியலுக்கு ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

இயற்கையின் சீரழிவு தலைமுறைதோறும் பழகிப்போய், குறைந்த நிலையே இயல்பெனத் தோன்றுவதைச் சூழலியலில் ‘ஷிஃப்டிங் பேஸ்லைன் சிண்ட்ரோம்’ என்பார்கள். இதிலுள்ள ‘ஷிஃப்டிங் பேஸ்லைன்’ என்பதற்கு இங்கே ஒருவர் முன்வைத்த ‘நகரும் அடிக்கோடு’ என்ற சொல்லாக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. அடிக்கோடு என்றதும் பள்ளிப் பிள்ளை பென்சிலையும் ஸ்கேலையும் தேடுமேயன்றி, அழிந்த காட்டையோ குறைந்த மீனையோ நினைக்காது. அதனோடு ‘சிண்ட்ரோம்’ என்பதற்காக ‘நோய்க்குறித்தொகுப்பு’ என்பதையும் ஒட்டினால் சொல் மருந்துச்சீட்டுபோல ஆகிவிடும்.

மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995-இல் எழுதிய சிறு கட்டுரை ஒன்றில்தான் இக்கருத்து துலக்கம் பெற்றது. ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும் தாம் பணியில் சேர்ந்த காலத்தில் கடலில் என்னென்ன மீன்கள் எவ்வளவு இருந்தனவோ அதையே இயல்பு நிலை எனக் கொண்டு, அதன்பின் நேர்ந்த குறைவை மட்டும் கணக்கிடுகிறார்கள். அடுத்த தலைமுறையோ அந்தக் குறைந்த நிலையிலிருந்தே தன் கணக்கைத் தொடங்குகிறது. ஆதலால் நூறாண்டு இழப்பு எவர் ஏட்டிலும் முழுதாக ஏறுவதில்லை. ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் ஊரில், தூண்டில் போடச் சென்று திரும்பிய சுற்றுலாப் பயணிகள் தங்கள் மீன்களோடு நின்று எடுத்துக்கொண்ட படங்களை லோரன் மெக்லனாகன் என்ற ஆய்வாளர் ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார். 1956-ஐ ஒட்டிய படங்களில் ஏறத்தாழ 20 கிலோவாக இருந்த மீனின் சராசரி எடை, 2007-இல் 2.3 கிலோவாகச் சுருங்கியிருந்தது. படத்தில் நிற்பவர்களின் பெருமிதத்தில் குறைவில்லை.

எனக்கு இது விளங்கியது நாங்குநேரிப் பக்கத்திலுள்ள எங்கள் ஊர்க் குளத்தில். குளம் நிறைந்ததற்கு ஊரார் வைத்திருக்கும் அடையாளம் ஒன்றே ஒன்று: மிகைநீர் வெளியேறும் கற்கட்டான கலுங்கில் வழிந்து மறுகால் பாய வேண்டும். கலுங்குக் கல்லின் உயரம் தலைமுறை தலைமுறையாக மாறவில்லை. ஆனால் ஓடைகள் கொண்டுவந்த வண்டல் படிந்து படிந்து குளத்தின் அடி மேடிட்டுவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன், மறுகால் பாய்ந்த ஒரு கார்த்திகைக் காலையில், எண்பதைக் கடந்த நீர்பாய்ச்சி (வயல்களுக்குத் தண்ணீர் விடுபவர்) ஒருவர் மடைக்கருகே நின்று தம் கையிலிருந்த கம்பைத் தண்ணீருக்குள் ஊன்றி எடுத்தார். ஈரம் அவர் இடுப்பளவுக்குத்தான் ஏறியிருந்தது. “குளம் பெருகிட்டுன்னு சொல்லுதீய, பாதி மண்ணுலா கெடக்கு” என்றார். அவர் இளமையில் அதே இடத்தில் இரண்டாள் ஆழமாம். பிசானப் பருவ நெல் அறுப்பு முடிந்த பிறகும் மடையில் தண்ணீர் ஓடுமாம். நானோ, கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் குளம் வற்றுவதும் கிணற்று மோட்டாரைத் தேடி ஓடுவதும் இயல்பு என்றே நாற்பது வயது வரை நினைத்திருந்தேன்.

மேலே நிறைவு மாறாமல் தெரிய, கீழே கொள்ளளவு குறைந்துகொண்டே வருகிற இந்த நிலைக்கு நம்மிடம் முன்பே சொல் இருக்கிறது: தூர்தல், அதாவது மண் படிந்து மேடிடுதல். சோர், தேர், உயர் என்ற வினையடிகள் சோர்வு, தேர்வு, உயர்வு என்றாவதுபோல, தூர் என்பது தூர்வு ஆகும். ஆகவே ‘நினைவுத்தூர்வு’ என முன்மொழிகிறேன். நினைவு தூர்ந்த தலைமுறை எனலாம். பழைய ஆவணங்களையும் முதியோர் வாய்மொழியையும் கொண்டு முந்தைய நிலையை மீட்டறியும் ஆய்வை நினைவைத் தூர்வாருதல் எனலாம். வினையாகவும் பெயராகவும் இப்படிக் கிளைக்காத கலைச்சொல் அகராதியிலேயே கிடந்துவிடும் என்பது என் அனுபவம்.

ஒரு தடை எழும் என அறிவேன். ‘பேஸ்லைன்’ என்பது அளவீடு. நினைவு என்பது மனத்தின் செயல். இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது என்பதை ஏற்கிறேன். 1700-இல் இருந்த ஈரநிலங்களில் 85 விழுக்காட்டுக்கு மேல் 2000-க்குள் அழிந்ததாக 2019-இல் ஐ.பி.பி.இ.எஸ். என்ற பன்னாட்டுப் பல்லுயிர் ஆய்வமைப்பின் உலக மதிப்பீடு கூறியது. 2023-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வோ, 1700-இலிருந்தே கணக்கிட்டும் இழப்பை ஏறத்தாழ 21 விழுக்காடு என்றது. இங்கே எவரும் மறந்துவிடவில்லை. பழைய பரப்பைக் கணிக்கும் முறைதான் வேறுபடுகிறது. இதற்கு ‘அடிநிலை’ என்றும், அது மாறுவதற்கு ‘அடிநிலைப் பெயர்வு’ என்றும் வைத்துக்கொண்டு, மக்கள் மனத்தில் நிகழ்வதற்கு மட்டும் நினைவுத்தூர்வு என்பதை ஒதுக்கலாம்.

இடையில் ஒன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த முள்மரத்தை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ‘சீமை உடை’ என்பார்கள். குடைபோல் விரியும் நாட்டு உடை வேறு. இன்று எங்கள் தெருப் பிள்ளைகள் சீமையை விட்டுவிட்டு, குளத்துக்குள் அடர்ந்திருக்கும் அதையே வெறும் ‘உடை’ என்கிறார்கள். நாட்டு உடையைக் காட்டினால் பெயர் கேட்கிறார்கள். இதற்கும் நினைவுத்தூர்வு பொருந்துகிறதா என்று சோதித்துப் பார்த்தேன்; பொருந்தியது. ‘நகரும் அடிக்கோடு’ பொருந்தவில்லை.

இக்கருத்து மீன்வளத்தில் பிறந்தது, நான் குளத்துக்காரன். உவரி, கூத்தன்குழி, இடிந்தகரைப் பக்கத்து நண்பர்கள், பாடு (வலையில் கிடைக்கும் மீன்) குறைந்ததும் அது பழகிப்போனதும் பற்றிக் கடற்கரையில் வழங்கும் சொல் ஏதேனும் உண்டா என்று மூத்த மீனவர்களிடம் கேட்டு எழுத வேண்டுகிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் அங்கிருந்து வந்தால், என் முன்மொழிவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.