பன்றிக்கு வைக்கிற குண்டு எங்கே போய் நிற்கும்? பேளூர் மக்காச்சோளக் காடும் லைசென்ஸ் துப்பாக்கியும்

பேளூர் விவசாயி:
கதிர் பால் பிடிக்கிற நேரம். நேற்று ஒரே ராத்திரியில் அரை ஏக்கர் போய்விட்டது. தட்டையெல்லாம் வட்டம் வட்டமாகச் சாய்ந்து கிடக்கிறது, ஒவ்வொரு கதிரிலும் ஒரு கடி. அப்பா காலத்துப் பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. தவறாமல் புதுப்பிக்கிறேன், தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து அப்புறம் போய் வாங்கி வருகிறேன். அதை வைத்துச் சொந்தக் காட்டில் பன்றியைச் சுடக்கூடாது என்றால் எதற்குங்க அந்த லைசென்ஸ்?

நாகலூர் காப்பித்தோட்டம்:
அண்ணா, லைசென்ஸ் துப்பாக்கி வைத்துக்கொள்ளத்தான், பன்றியைக் கொல்ல இல்லை. 1972 வன உயிரினச் சட்டத்தில் காட்டுப்பன்றி இப்போது 2ஆம் பட்டியலில் இருக்கிறது, தலைமை வன உயிரினக் காப்பாளர் உத்தரவில்லாமல் கொன்றால் வழக்குதான். 2025 ஜனவரியில் வனத்துறை அமைச்சர் தமிழகச் சட்டமன்றத்தில் சொன்னதும் விவசாயி கையில் துப்பாக்கி கொடுப்பதற்கு இல்லை. காப்புக்காட்டிலிருந்து (ரிசர்வ் ஃபாரஸ்ட்) 1 கி.மீ. வரை சுடவே கூடாது, 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள், அதற்கு அப்பால் வனத்துறையே சுடும்.

பேளூர் விவசாயி:
சரி தம்பி, மலையடிவாரத்தில் இருப்பவன் காப்புக்காட்டுக்குப் பக்கத்தில்தானே இருப்பான்? பன்றி அதிகம் வருவது அவன் காட்டுக்கு, அவனுக்குத்தான் சுடக்கூடாதாம். தகரம் தட்டினோம், பழைய சேலை கட்டினோம், விடிய விடியப் பரணில் உட்கார்ந்தோம். நாலு நாளில் பழகிக்கொண்டு பரணுக்குக் கீழேயே மேய்கிறது. நஷ்ட ஈடு மனு போட்டால் வந்து அளப்பதற்குள் அறுவடையே முடிந்துவிடும்.

குப்பனூர் அடிவாரம்:
அண்ணா, உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது, எங்களுக்கும் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மேல்காட்டில் யாரோ பன்றியைச் சுட்டார்கள். ராத்திரி கூரையில் கல் விழுந்த மாதிரி ஒரு சத்தம். காலையில் பார்த்தால் சிமென்ட் ஷீட்டில் ஓட்டை, துணி துவைக்கிற கல் பக்கத்தில் பட்டாணி அளவில் ஒரு ஈயக் குண்டு, ஒரு பக்கம் நசுங்கிப்போய். அந்தக் கல்லுக்கு நாலு முழம் தள்ளித்தான் என் மாமியார் கட்டில் போட்டுப் படுப்பார்கள். இன்றுவரை யாரும் நான்தான் சுட்டேன் என்று ஒத்துக்கொள்ளவில்லை.

ஓய்வுபெற்ற ராணுவம், ஆத்தூர்:
குப்பனூர் அம்மா சொல்வதுதான் விஷயம். பெரிய ரவை (ஈயக் குண்டு) போட்ட 12 போர் துப்பாக்கித் தோட்டா 40 மீட்டருக்கு மேல் பன்றியைச் சரியாக வீழ்த்தாது, ஆனால் அதே ரவை 500 மீட்டர் தாண்டியும் பறக்கும். நடுவில் இருப்பதெல்லாம் யாருடைய வாசல் என்று சுடுகிறவருக்குத் தெரியாது. டார்ச் வெளிச்சத்தில் பன்றியின் உருவம் மட்டும்தான் தெரியும், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியாது. மேட்டு விளிம்பில் நிற்கிற விலங்கின் பின்னால் வெறும் வானம்தான், அங்கே தப்பிய குண்டு கீழூரில்தான் இறங்கும். பாறையில் பட்டால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கியில் விசையை அழுத்திய பிறகு ஒரு நொடி தாமதித்து வெடிப்பதும் உண்டு, அதற்குள் குழல் எங்கே திரும்பியிருக்குமோ. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி என்றால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 வருடம் சிறை. வனத்துறை ஆள் வந்து சுட்டாலும் இதே கணக்குதான். குண்டு மண்ணில் புதைகிற திசையில் மட்டும் சுடலாம், ரோட்டுப் பக்கமும் வீட்டுப் பக்கமும் கூடவே கூடாது. பேளூர் அண்ணா, ஒரே ஒரு வேலை செய்யுங்கள். மதிய வெயிலில் துப்பாக்கி இல்லாமல் பரணில் ஏறி நாலு பக்கமும் பாருங்கள்.

நாகலூர் காப்பித்தோட்டம்:
துப்பாக்கி வேண்டாமென்று கரண்ட் கம்பியோ அவுட்டுக்காயோ (தீனிக்குள் மறைத்து வைக்கிற நாட்டு வெடி) வைத்துவிடாதீர்கள் அண்ணா. கம்பியில் பக்கத்துக் காட்டுக்காரரே மாட்டுவதும் உண்டு.

பேளூர் விவசாயி:
இன்று மதியம் ஏறிப் பார்த்தேன். தெற்கே ரோடு, கடைசி பஸ் போகிற அதே நேரம்தான் பன்றியும் இறங்குகிறது. மேற்கே தென்னந்தோப்புக்குள் மூன்று ஓட்டு வீடு. ராத்திரி விளக்கை அணைத்துவிடுவதால் இத்தனை வருடம் அந்த வீடுகள் என் கணக்கிலேயே இல்லை. வடக்கே மேடு. கிழக்கு மூலை ஒன்றுதான் மிச்சம், அங்கே ஆள் உயரத்துக்குப் பாறை. விதி அநியாயம் என்று இப்போதும் சொல்வேன், சண்டையும் போடுவேன். துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். காப்புக்காட்டு எல்லை என் காட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று வி.ஏ.ஓ.விடம் வரைபடம் கேட்டிருக்கிறேன், திங்கட்கிழமை வரச் சொன்னார்.